பஞ்சாரமும் பனிக்கட்டிப் பெட்டியும்

நுழையும்முன்

அறிவியல் கண்டுபிடிப்பு ஆய்வகத்தில் பிறக்கிறது. அதன் பயன் வீட்டு முற்றத்தை அடைய நெடுந்தொலைவு நடக்க வேண்டியுள்ளது. கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்றுக்கு 80 ஆண்டுகளாகத் தடுப்பு மருந்து உள்ளது. ஆயினும் கோடை தொடங்கும்போது சிற்றூர்களின் பஞ்சாரங்கள் வெறுமையாவது நிற்கவில்லை. மருந்துக்கும் முற்றத்துக்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவை அளந்துபார்க்கிறது இக்கட்டுரை.

முற்றத்தின் செல்வம்

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. கடலூர் மாவட்டத்தின் புவனகிரி வட்டத்தைச் சேர்ந்தது. வெள்ளாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டும், வீராணம் ஏரியின் வடகோடியும், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இவ்வூரின் அடையாளங்கள். சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் சிற்றூர்கள். அவற்றுள் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முதலில் எதிர்ப்படுபவை குப்பைமேட்டைக் கிளறும் கோழிகளே.

இக்கோழிகளுக்கெனத் தனிக்கொட்டகை கிடையாது. பகலெல்லாம் களத்திலும் வரப்பிலும் மேயும். சிந்திய நெல், கறையான், புழு, அடுக்களையில் எஞ்சிய சோறு ஆகியன உணவு. மாலையில் வீட்டுப்பெண் குறுணையோ தவிடோ தூவி அழைத்தால் ஓடிவரும். குஞ்சுகளோடு கூடிய தாய்க்கோழி மூங்கில் பஞ்சாரத்திற்குள் அடையும். சேவலும் விடைக்கோழிகளும் முருங்கை மரத்திலோ திண்ணை ஓரத்திலோ இரவைக் கழிக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைவைத்தால் 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

செலவில்லை என்பதனாலேயே இதனைச் சிறுதொழில் எனக்கூட யாரும் கருதுவதில்லை. நிலமும் மாடும் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருக்க, கோழியும் முட்டையும் விற்ற காசு மட்டும் பெண்ணின் முந்தானையில் முடியப்படுகிறது. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்குக் குறிப்பேடு, திடீர்க் காய்ச்சலுக்கு மருந்து, பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியக் குழம்பு, குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவல் என அதன் பயன்கள் பல. யாரிடமும் கேட்காமல் எடுக்கத்தக்க பணம் அது ஒன்றே என்னும் நிலையில் உள்ள பெண்கள் இன்றும் பலர்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள கோழியினப் பறவைகள் 85 கோடிக்கும் மேல். அவற்றுள் ஏறத்தாழ 32 கோடி வீட்டு முற்றங்களில் வளர்பவை. மாநிலங்களுள் 12 கோடிப் பறவைகளுடன் தமிழ்நாடு முதலிடத்தில் உள்ளது. இந்த முதலிடத்தை ஈட்டித்தந்தவை நாமக்கல் போன்ற இடங்களின் பெரும்பண்ணைகள்தாம். அங்கே குஞ்சு பொரித்த நாள்முதல் தடுப்பு மருந்து அட்டவணை தொடங்கிவிடுகிறது. முற்றத்துக் கோழிக்கு அட்டவணை ஏது?

தெரியுமா?

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் உருவம் பொறித்த நடுகல் ஒன்று உள்ளது. சேவற்சண்டையில் உயிர்விட்ட கோழியின் நினைவாக எழுப்பப்பட்ட இக்கல், ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விழுப்புரமும் கடலூரும் 1993 வரை தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்தவை. சோழர் தலைநகரான உறையூருக்குக் 'கோழி' என்னும் பெயரும் வழங்கியது.

தற்காலிகமாக வைத்த பெயர்

ஊர்வழக்கில் 'கோழிக்குச் சீக்கு' என்ற ஒரே சொல்லில் எல்லா நோய்களும் அடங்கிவிடும். அவற்றுள் முற்றத்தையே காலிசெய்யும் நோயை வெள்ளைக் கழிச்சல் என்பர். கால்நடை பராமரிப்புத் துறை இதனைக் கோழிக் கழிச்சல் நோய் எனக் குறிக்கிறது. நூல்களில் இதற்கு இராணிக்கேட் நோய், நியூகாசில் நோய் என்னும் இருபெயர்கள் உண்டு.

1926இல் ஜாவாத் தீவிலும், அதே ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரை அடுத்த பண்ணையிலும் இனம் தெரியாத நோயால் கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. நியூகாசிலில் அதனை ஆராய்ந்த டாயில் என்னும் அறிஞர், காரணி வைரஸ் எனக் கண்டு 1927இல் கட்டுரை வெளியிட்டார். பொருத்தமான பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று ஊரின் பெயரையே நோய்க்குத் தற்காலிகமாக இட்டார். அந்தத் 'தற்காலிகம்' நூறாண்டுகளை நெருங்கிவிட்டது. நோயினால் கெட்ட பெயர் அந்த ஊருக்கு நிலைத்தது.

இந்தியாவிலும் ஏறத்தாழ இதே கதைதான். 1927-28ஆம் ஆண்டுகளில் இமயமலைச் சாரலின் குமாவோன் பகுதியில் உள்ள இராணிக்கேட்டில் இந்நோய் கண்டறியப்பட்டது. அதே மலைப்பகுதியில் முக்தேசுவரில் இயங்கிவந்த கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் எட்வர்ட்ஸ் அதனைப் பதிவு செய்தார். கோடை வாழிடமாகப் புகழ்பெற்ற இராணிக்கேட், கோழி வளர்ப்போரிடையே நோயின் பெயராகவே அறியப்படுவது அவ்வூரின் பேறின்மை எனலாம்.

எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவி

இந்நோயை உண்டாக்கும் வைரஸ் பாராமிக்சோ வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மரபுச்செய்தி முழுவதும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வில் ஏறத்தாழ 15,000 எழுத்துகளில் அடங்கியுள்ளது. மனிதனின் மரபுச்செய்தி 300 கோடி எழுத்துகள் கொண்டது என்பதோடு ஒப்பிட்டால், ஒரு சிற்றேட்டின் அளவே உள்ள வைரஸ் ஒரு கோழிக் கூட்டத்தையே அழித்துவிடுகிறது என்பது விளங்கும்.

இவ்வைரசில் கடுமையானவையும் உண்டு, மென்மையானவையும் உண்டு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமெனில், தன் மேலுறையை உயிரணுவின் சவ்வோடு ஒட்டி ஒன்றாக்க வேண்டும். அப்பணியைச் செய்யும் புரதம் முதலில் செயலற்ற நிலையிலேயே உருவாகிறது. கோழியின் உடலிலுள்ள நொதி ஒன்று அப்புரதத்தைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டிவிட்டால்தான் அது செயல்படும். சீவாத எழுதுகோல் எழுதாதது போன்றது இது.

மென்மையான வைரசின் புரதத்தை வெட்டும் நொதி மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டுமே கிடைக்கிறது. ஆதலால் அவ்வைரஸ் அங்கேயே தங்கி, கோழிக்குப் பெருந்தீங்கு செய்யாமல் போய்விடுகிறது. கடுமையான வைரசின் வெட்டுமிடத்தில் ஒருசில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. அம்மாற்றத்தால், எல்லா உயிரணுக்களிலும் காணப்படும் ஃபியூரின் என்னும் நொதியே அதனை வெட்டிவிடுகிறது. வாயிற்கதவை மட்டும் திறந்த சாவி, வீட்டின் எல்லா அறைகளையும் திறக்கும் சாவியாகிவிடுகிறது. நுரையீரல், குடல், மண்ணீரல், மூளை என எங்கும் வைரஸ் பெருகுகிறது.

வைரஸ் புகுந்த இரண்டு நாள் முதல் பதினைந்து நாளுக்குள் குறிகள் தோன்றும். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும். கோழி இரை எடுக்காது. இறக்கைகள் தொங்க, கண்களை மூடித் தலையை உள்ளிழுத்துக்கொண்டு மூலையில் நிற்கும். தூங்கிவழியும் மனிதரைச் 'சீக்குக் கோழி' என்று கேலிசெய்யும் வழக்கு இந்தக் காட்சியிலிருந்தே பிறந்தது. பின்னர் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும்; வெண்மையாகவும் பச்சையாகவும் கழியும். தப்பிப் பிழைப்பவற்றுள் சில கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி சுற்றிச்சுற்றி வரும். கால் விளங்காமல் கிடப்பனவும் உண்டு. வைரஸ் மூளையைத் தொட்டதன் அடையாளம் அது. தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் கடுமையான வைரஸ் புகுந்தால் பத்தில் ஒன்று எஞ்சுவதே அரிது.

நோய் கண்டபின் இவ்வைரசைக் கொல்ல மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், சின்னவெங்காயம் ஆகியவற்றை அரைத்து உருட்டிக் கொடுப்பதும், மருந்துக்கடையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றுவதும் பல வீடுகளில் நடப்பவை. முன்னது சாதாரணச் செரிமானக் கோளாறுகளுக்கு உதவலாம். பின்னது பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். இரண்டுமே இவ்வைரசை நிறுத்தமாட்டா.

வெயிலில் மாளும் வைரஸ் கோடையில் வருவதேன்?

இங்கே ஒரு புதிர் எழுகிறது. நேரடி வெயில் பட்டால் இவ்வைரஸ் விரைவில் அழிந்துவிடும். எச்சத்திலும் இறந்த கோழியின் உடலிலும் குளிர்ந்த நிழலில்தான் அது வாரக்கணக்கில் உயிர்த்திருக்கும். அப்படியானால் மாசி தொடங்கிச் சித்திரை வரையிலான வெயிற்காலத்தில் நோய் மிகுவது எப்படி?

விடை வைரசின் இயல்பில் இல்லை. ஊரின் நாள்காட்டியில் உள்ளது. சேத்தியாத்தோப்புப் பகுதியில் சம்பா அறுவடை தைமாதத்தில் தொடங்கி மாசிவரை நீளும். அறுவடை முடிந்த வயல்களில் உதிர்ந்த நெல்லை மேய, ஊர் எல்லை பாராமல் கோழிகள் இறங்குகின்றன. அதே வயல்களுக்கு நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு வாத்து மேய்ப்போரும் வருகின்றனர். இவ்வைரசைச் சுமக்கும் வாத்து பெரும்பாலும் நோயுறாது; ஆனால் எச்சத்தின் வழியே வைரசை வெளியேற்றிக்கொண்டிருக்கும். மார்கழிக்கு முன்னும் பின்னும் பொரித்த குஞ்சுகள் தடுப்பு மருந்தின் துணையின்றி வளர்ந்து நிற்கும் பருவமும் இதுவே. வெயிலின் தாக்கத்தால் பறவைகளின் எதிர்ப்பாற்றலும் குறைகிறது.

இவற்றோடு மாசி மகம், பங்குனித் திருவிழா, திருமணங்கள் எனக் கோழிக்குத் தேவை மிகும் காலமும் சேர்ந்துகொள்கிறது. சந்தைக்குச் சந்தை கோழிகள் கைமாறுகின்றன. வெயிலில் வைரஸ் உயிர்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை. மிதிவண்டியில் தலைகீழாகத் தொங்கும் கோழியின் உடலுக்குள் அது பத்திரமாகப் பயணம் செய்கிறது.

எல்லாவற்றினும் விரைவாக நோயைப் பரப்புவது மனிதரின் சிக்கனமே. வீட்டில் ஒரு கோழி சோர்ந்து நின்றதும், மற்றவை சாவதற்குள் கிடைத்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்ற பதைப்பு எழுகிறது. முப்பது நாற்பது மாதங்களாகப் பெருக்கிய கூட்டம் மூன்று நாளில் அழிவதைக் காணும் பெண்ணிடம் இப்பதைப்பைக் குற்றமாகச் சொல்வது எளிதன்று. ஆனால் வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள அந்தக் கோழிகளுள் வைரஸ் ஏற்கெனவே குடியேறியிருக்கும். அவை சந்தை வழியே வேறு ஐந்தாறு ஊர்களுக்குச் செல்கின்றன. இறந்தவற்றை வாய்க்காலிலோ புதரிலோ எறிவதும் இத்தகையதே. நாயும் காகமும் அவற்றை அடுத்த தெருவுக்கு இழுத்துச் செல்கின்றன. வாய்க்கால் அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்கிறது. ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே முறை.

ஒன்றுபோல் தோன்றும் பிற நோய்கள்

கோழிகள் சாவதெல்லாம் கழிச்சல் நோயால் என்று கொள்ளுதல் கூடாது. கோழி அம்மையும் வைரஸ் நோயே. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் தோன்றிப் பொருக்காகக் காயும். கொசுக்கடி இதனைப் பரப்புகிறது; ஆகவே வாய்க்கால் நீர் தேங்கும் ஊர்களில் இது மிகுதி. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசும் வழக்கம் பரவலாக உள்ளது. வாய்க்குள்ளும் தொண்டையிலும் பரவாதவரை பெரும்பாலான கோழிகள் தேறிவிடும். கண் மூடிக்கொள்வதால் இரை தேடமுடியாமல் மெலிவதே முதன்மையான இழப்பு. இதற்கும் இறக்கை மடிப்பில் குத்தும் தடுப்பு மருந்து உண்டு.

பறவைக் காய்ச்சல் முற்றிலும் வேறானது. இன்ஃபுளுவென்சா வைரசால் வரும் இது, மனிதரையும் தாக்க வல்லது. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வகை 18 பேரைத் தாக்கி 6 பேரின் உயிரைக் கவர்ந்தபோது உலகம் அதனை அறிந்தது. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலம் நவாப்பூரில் கோழிகளிடம் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. 2021இன் தொடக்கத்தில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளிடம் எச்5என்8 வகை காணப்பட்டது. கழிச்சல் நோயோ மனிதருக்குப் பேரிடர் செய்வதில்லை. நோயுற்ற கோழியைக் கையாள்வோருக்குச் சில நாள் கண் சிவந்து உறுத்தலாம், அவ்வளவே.

எனினும் திடீரெனக் கோழிகள் கூட்டமாக இறக்கும்போது, இரண்டுள் எது காரணம் என்று கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. ஆய்வகமே அதைச் சொல்ல முடியும். பறவைக் காய்ச்சலை உறுதிப்படுத்தும் தேசிய ஆய்வகம் போபாலில் உள்ளது. கூட்டச் சாவைக் கண்டவர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டுவது இதனாலேயே. 'சீக்குக் கோழி' என்று சொல்லி அறுத்து உண்பதும், அதனை உரித்துத் தருமாறு பிள்ளைகளிடம் கொடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

நூறு கோழிக்கு ஒரு குப்பி

இராணிக்கேட்டில் பெயர்பெற்ற நோய்க்கு முக்தேசுவரிலேயே தடுப்பு மருந்தும் உருவானது வியப்புக்குரிய செய்தி. கடுமையான வைரசைக் கோழிக்கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கடுமையைத் தணித்து, 1940களில் முக்தேசுவர் வகைத் தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. வளர்ந்த கோழிகளுக்கு இன்றும் பயன்படுவது அதுவே. ஆர்2பி என்பது அதன் மற்றொரு பெயர். தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதனை உற்பத்தி செய்கிறது. இராணிக்கேட் நோய்க்கு இராணிப்பேட்டையில் மருந்து என்பது தற்செயலான சொல்லொற்றுமை.

பிறந்து ஒரு வாரமான குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ மென்மையான வகை மருந்து ஒரு சொட்டு. எட்டு வாரமானபின் இறக்கையின் தோலடியில் ஆர்2பி ஊசி. இதுவே பொதுவான முறை. ஆர்2பி சற்றுக் கடுமையானது. ஆகையால் இளங்குஞ்சுக்குப் போடலாகாது. முறைப்படி போட்டால் பயன் உறுதி. பெரும்பண்ணைகள் நிலைத்து நிற்பதே இதற்குச் சான்று.

ஆனால் அம்மருந்து சிற்றூர் முற்றத்துக்கு வரும்போது மூன்று இடங்களில் இடறுகிறது.

முதலாவது, வெப்பம். மருந்துக் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். உற்பத்தி நிலையத்திலிருந்து மருந்தகம், அங்கிருந்து தெரு என ஒவ்வொரு கட்டத்திலும் பனிக்கட்டிப் பெட்டி உடன்வர வேண்டும். குப்பிக்குள் இருப்பது உயிருள்ள வைரஸ். மாசி வெயிலில் பெட்டியின் பனி உருகினால் அது மடிந்துவிடும். மடிந்ததைப் பார்வையால் அறியமுடியாது. ஊசி போட்டும் கோழி செத்தது என்று மக்கள் மருந்தின்மீது நம்பிக்கை இழக்க, இது ஒரு காரணம்.

இரண்டாவது, அளவு. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கு மேற்பட்ட மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். ஒரு பெண்ணிடம் இருப்பவையோ எட்டுக் கோழிகள். பண்ணையின் அளவுக்குச் செய்த குப்பி பஞ்சாரத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை. எட்டுக் கோழிக்காக நூறு கோழி மருந்தைத் திறப்பதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

மூன்றாவது, பிடிப்பது. நண்பகலில் தடுப்பூசிக் குழு தெருவுக்கு வந்தால் கோழிகள் வயலில் இருக்கும். பஞ்சாரம் திறப்பதற்கு முன்னரோ, அடைந்த பின்னரோ அன்றி அவற்றைப் பிடிக்க இயலாது. அதிகாலையில் குழு வந்தாலன்றி ஊசி பாதிக் கோழிகளுக்குமேல் எட்டுவதில்லை.

இந்தத் தடைகளை உணர்ந்தே, தமிழ்நாட்டின் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இருவாரக் கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமைக் கட்டணமின்றி நடத்துகிறது. தெருவிலுள்ள கோழிகளையெல்லாம் ஒரே காலையில் ஓரிடத்தில் சேர்த்தால் குப்பியின் கணக்கு சரியாகிவிடுகிறது. கோடை தொடங்குமுன் நடத்துவதும் பொருத்தமே. நோய் தெருவுக்குள் வந்தபின் ஊசியைத் தேடுவது பயனற்றது. வைரஸ் ஏற்கெனவே புகுந்த கோழியை ஊசி காப்பாற்றாது. ஒரே ஊசிமுனை நோயுற்றதிலிருந்து நலமுள்ளதற்கு வைரசைக் கடத்தவும் கூடும்.

தீனியோடு மருந்து

பனிக்கட்டிப் பெட்டியே தேவைப்படாத மருந்து ஒன்று இருந்தால்? பிடிக்காமலே கொடுக்கமுடிந்தால்? இவ்வினாக்கள் தோன்றியது ஆய்வாளர்களின் பார்வை பண்ணையிலிருந்து முற்றத்துக்குத் திரும்பியதைக் காட்டுகிறது.

1960களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நோய்க்குறி ஏதுமில்லாத கோழிகளிடமிருந்து மென்மையான வைரஸ் வகை ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. வி4 எனப் பெயரிடப்பட்ட அது, கோழிக்குத் தீங்கு செய்யாமல் எதிர்ப்பாற்றலை மட்டும் தந்தது. பீட்டர் ஸ்பிராட்புரோ என்னும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக அறிஞர் அதிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் வகையை உருவாக்கினார். 1980களில் மலேசிய ஆய்வாளர்களோடு இணைந்து, அதனைத் தீவனத்தில் பூசிச் சிற்றூர்க் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊசியின்றி, கோழியைத் தொடாமலே தடுப்பாற்றல் உண்டாயிற்று.

வழியில் எதிர்பாராத தடையும் எழுந்தது. தானியத்தின்மேல் மருந்தைப் பூசினால் போதும் என்று கருதியபோது, சில தானியங்களிலுள்ள இயற்கைப் பொருள்களே வைரசைச் செயலிழக்கச் செய்தன. எந்தத் தீனியில் பூசுவது என்பதே தனி ஆராய்ச்சியாயிற்று. ஊருக்கு ஊர் கோழிக்குத் தூவும் தானியம் வேறு என்பதால், ஓர் ஊரில் வென்ற முறை மற்றோர் ஊரில் அப்படியே வெல்லாது.

1989இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்திசையில் உழைத்தது. வெப்பத்தைத் தாங்கும் டி58 என்னும் மென்மையான வகையைக் கொண்டு, குருணைத் தீவன வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்தை அது உருவாக்கியது. காலையில் பஞ்சாரத்தைத் திறந்ததும், வேறு தீனி எதுவும் வைக்குமுன், பசியோடு வரும் கோழிகளுக்கு அதனைத் தூவினால் போதும். குறுணை தூவத் தெரிந்த கையே மருந்து கொடுக்கும் கையாகிறது. தடுப்பூசிக் குழுவுக்காகக் காத்திருந்த பெண், தன் கோழிகளுக்குத் தானே மருந்திடுபவராக மாறுவது இதன் பெரும்பயன்.

குறையும் இல்லாமலில்லை. வலிய சேவல் மிகுதியாகக் கொத்திவிட, மெலிந்த குஞ்சுக்குப் போதிய அளவு கிடைக்காமல் போகலாம். ஆகவே சில வாரங்களில் மறுமுறையும் கொடுக்க வேண்டும். மருந்துண்ட கோழியின் எச்சத்தின் வழியாக மென்மையான அவ்வைரஸ் உடன் அடையும் கோழிகளுக்கும் பரவி, ஓரளவு காப்பளிக்கிறது. நோய் பரவும் அதே வழியில் தடுப்பும் பரவுவது நுட்பமான செய்தி.

எந்த வடிவில் கொடுத்தாலும் ஒரு கணக்கு எஞ்சுகிறது. பிப்ரவரி முதல் நாளில் முகாம் நடந்ததாகக் கொள்வோம். அன்று ஒரு வீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோழிக்கு ஊசி போடப்பட்டுவிட்டது. அதன் முட்டைகள் அம்மாதத்தின் இறுதிக்குள் குஞ்சுகளாகின்றன. தாயிடமிருந்து முட்டைவழி பெற்ற எதிர்ப்பாற்றல் இரண்டு மூன்று வாரங்களில் தேய்ந்துவிடும். மார்ச் இறுதியில், வெயில் ஏறும் வேளையில், பத்துக் குஞ்சுகள் எந்தக் காப்பும் இன்றி முற்றத்தில் மேய்கின்றன. அடுத்த முகாமுக்குப் பத்து மாதங்கள் உள்ளன. பண்ணையில் ஒரே நாளில் வந்த கோழிகள் ஒரே வயதில் வளரும். முற்றத்தில் பாட்டிக்கோழி முதல் பொரித்த குஞ்சு வரை எல்லா வயதும் ஒன்றாகவே மேயும். ஆண்டுக்கு ஒருநாள் என்பது முற்றத்தின் காலக்கணக்கோடு பொருந்தாது.

ஆகவே மகளிர் குழுக்களின் வழியாக இக்கணக்கைச் சரிசெய்யலாம். ஒரு தெருவின் பன்னிரண்டு வீடுகளில் உள்ள கோழிகளைச் சேர்த்து எண்ணினால் நூறைத் தொடும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, நாள் குறித்து, கால்நடை மருந்தகத்திலிருந்து ஒரு குப்பியைப் பனிக்கட்டியோடு வாங்கி வந்து, பஞ்சாரம் திறக்குமுன் முடித்துவிட்டால் மருந்து சிறிதும் வீணாகாது. கண்ணில் ஒரு சொட்டு இடுவதற்குப் பயிற்சி ஒருநாள் போதும். அடைவைத்த நாளையும் பொரித்த நாளையும் சுவரில் கரிக்கோட்டால் குறித்துவைக்கும் வழக்கம் பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. அதனருகே மருந்திட்ட நாளுக்கும் ஒரு கோடு சேர்ந்தால் அடுத்த முறை எந்தக் குஞ்சுக்கு என்பதை அந்தச் சுவரே சொல்லும்.

கற்பவை கற்றபின்

உங்கள் தெருவில் கோழி வளர்க்கும் ஐந்து வீடுகளுக்குச் சென்று, கடந்த ஆண்டு எந்தத் தமிழ்மாதத்தில் கோழிகள் மிகுதியாக இறந்தன என்று கேட்டறிக. அம்மாதத்தில் ஊரில் நிகழ்ந்த அறுவடை, திருவிழா, சந்தை ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஒருபக்க அளவில் எழுதுக.

கோழி வளர்ப்போடு தொடர்புடைய உங்கள் வட்டாரச் சொற்களை (பஞ்சாரம், விடைக்கோழி, அடைவைத்தல் போன்றவை) மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைத்துக் காட்டுக.